கண்மாய்க்கரைக்குப் போகும் லேப்டாப்: நான்கு வருட அனுபவம்

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஊர் ஊராகப் போய், இந்தக் கண்மாய்க்கு மடை எத்தனை, உபரி நீர் வெளியேறும் கலுங்கு எந்தப் பக்கம், தண்ணீரை எப்படிப் பங்கு வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வைப்பது என் வழக்கம். பாதி ஆர்வம், மீதி எப்போதாவது வருகிற கட்டுரைப் பணம். மாதம் இரண்டு மூன்று தடவை மதுரையில் பஸ் ஏறுவேன். பையில் தண்ணீர் பாட்டில், துண்டு, நாற்பது பக்க நோட்டு, அப்புறம் ஒரு பழைய லேப்டாப், திங்க்பேட் எக்ஸ்270. இதை வாங்கி நான்கு வருடம் ஆகப்போகிறது.

இதற்கு முன்னால் டேப்லெட் வைத்திருந்தேன். பத்து அங்குலத் திரை, பாதி நோட்டு கனம்தான் இருக்கும், அதோடு ஒரு ப்ளூடூத் கீபோர்டு. கடையில் பார்க்கும்போது இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எனக்கு விரல் பழகியது தமிழ்99 என்ற விசை அமைப்பு. தொடுதிரையில் அது அழகாக வந்தது. கீபோர்டை இணைத்ததுமே ஆங்கிலம் மட்டும்தான் என்றது அந்தக் கருவி. ஏதேதோ செயலி போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஒத்துவரவில்லை. இன்னொரு தொல்லை, டேப்லெட்டை நிறுத்தி வைக்க மேசை வேண்டும். பஸ்ஸிலும் கோயில் திண்ணையிலும் மேசைக்கு எங்கே போவது? மடியில் வைத்தால் திரை பின்னால் சாயும், கீபோர்டு முன்னால் சரியும். எட்டு மாதம் மல்லுக்கட்டிவிட்டு அக்கா மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அதில் பாடம் பார்க்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். பார்ப்பதற்கென்றால் டேப்லெட்டை அடிக்க ஆள் இல்லை.

புதிதாகவே ஒரு மலிவு லேப்டாப் வாங்கலாமா என்றும் யோசித்தேன். மச்சான் ஒன்று வைத்திருந்தார், ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம். விண்டோஸ் 11 ஓட மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே இதுதான். அதாவது பெட்டியைப் பிரிக்கும் அன்றே அது எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. அந்த ரேமும் சேமிப்பிடமும் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. நாளைக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாம் நாள் அப்டேட் போட இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் 2022 ஜனவரியில், சென்னை ரிச்சி தெரு. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்புகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கும். எக்ஸ்270 வெளிவந்தது 2017இல். 12.5 அங்குலத் திரை, பின்பக்கம் கழற்றி மாட்டும் பேட்டரி, உள்ளே இன்னொரு சின்ன பேட்டரி. முழு அளவு எஸ்டி கார்டு நுழைவாய், யூஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் வசதி. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 17,500 ரூபாய். இந்த மாடலில் இரண்டு வகைத் திரை உண்டு. மலிவான 1366க்கு 768 திரையில் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தாலே நிறம் வெளுத்துவிடும். முழு ஹெச்டி ஐபிஎஸ் திரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். எனக்கு அதற்காக மூன்றாவது கடை ஏற வேண்டியிருந்தது.

ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். "பேட்டரி புதுசு மாதிரி சார்" என்றார் கடைக்காரர். நம்பி வந்துவிட்டேன். வீட்டில் விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தால், 72 வாட்-மணி கொள்ளவேண்டிய பின்பக்க பேட்டரி 39தான் கொள்கிறது. போனில் கேட்டால், "பழைய பொருள்னா அப்படித்தான் சார் இருக்கும்." புது பேட்டரிக்கு மேலும் 3,200 ரூபாய் அழுதேன். பணம் கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. அதேபோல் இயந்திரம் தொடங்கும்போது எஃப்1 அழுத்தி, பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடலாம். பழைய அலுவலகம் போட்ட பூட்டு அது. உள்ளே போர்டில் இருக்கும் காசு வடிவச் சின்ன பேட்டரியைக் கழற்றினாலும் திங்க்பேடில் அது போகாது.

ஆறு செல் பேட்டரி அடியில் புடைத்துக்கொண்டு நிற்பதால் லேப்டாப்பின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். பார்க்க அசிங்கம், தட்டச்சுக்கு சுகம். மொத்தக் கனம் ஒன்றரைக் கிலோ. புது பேட்டரியோடு முதல் வருடம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியது. இப்போது ஆறு. ரயிலில் இதன் அருமை தெரியும். பெட்டியில் இருக்கும் பிளக்குகளை நம்ப முடியாது. ஒன்று லூசாக இருக்கும், இல்லாவிட்டால் ஐந்து போன்கள் வரிசையில் நிற்கும். இரவு 11 முதல் காலை 5 வரை அதையும் நிறுத்திவிடுவார்கள். பின்பக்க பேட்டரி தீர்ந்தால் அணைக்காமலே கழற்றி வேறொன்றை மாட்டலாம், அந்த நேரம் உள் பேட்டரி தாங்கிக்கொள்ளும். பழைய 39 பேட்டரியைத் தூக்கிப் போடாமல் உபரியாக வைத்திருக்கிறேன், சென்னைப் பயணங்களில் அது கைகொடுக்கிறது. சார்ஜரும் ஒன்றுதான்: போனுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து ஒரு 45 வாட் யூஎஸ்பி-சி.

கீபோர்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்99இல் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் புள்ளி தானாக விழும். 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. விசை கொஞ்சம் உள்ளே போய் வருகிற கீபோர்டில் இப்படித் தமிழ் அடிக்கும்போது இரண்டு கையும் மாறி மாறி ஓடும், ஒரு தாளம் வந்துவிடும். ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ் ஏறினால் பரமக்குடி வருவதற்குள் அன்றைய குறிப்பில் பாதியை ஏற்றிவிடுவேன். சாலை மோசமான இடங்களில் நிறுத்திவிட வேண்டும், வேறு வழியில்லை.

2023இல் ஒரு டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் கை பட்டு இஞ்சி டீ கீபோர்டு மேலேயே கொட்டியது. சட்டென்று அணைத்து, பின்பக்க பேட்டரியைக் கழற்றி, துண்டு மேல் கவிழ்த்து வைத்தேன். உள்ளே இன்னொரு பேட்டரி இருப்பது நினைவுக்கு வந்தது மறுநாள்தான். கீபோர்டுக்கு அடியில் நீர் வடிய வழி வைத்திருக்கிறார்கள், அதனால் போர்டு தப்பியது. ஆனால் சர்க்கரை விடவில்லை. ம விசை ஒட்டிக்கொண்டு, ஒரு தடவை தட்டினால் 'ம்ம்ம்ம' என்று கதை கேட்பவர் மாதிரி இழுக்க ஆரம்பித்தது. மதுரையில் ஒரு மெக்கானிக் 1,400 ரூபாய்க்கு மாற்றுக் கீபோர்டு போட்டுக் கொடுத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. இந்தத் தடவை நான் தள்ளி நின்று குடித்தேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. இதில் இருக்கும் ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லு விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அதனால் கெடு வருவதற்கு முன்பே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன். தமிழ்99 வருமா என்பதுதான் பயமாக இருந்தது. ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சு மென்பொருள்களையும் நிறுவியதும் வந்துவிட்டது. விரல்ரேகை மட்டும் வேலை செய்யவில்லை, பாஸ்வேர்டு அடித்துக்கொள்கிறேன். குறிப்புகள் எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள், ஊருக்கு ஒரு ஃபோல்டர். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு பிரதி.

குறைகளும் உண்டு. வெயிலில் திரை தெரியாது. கரையில் கருவேல நிழல் தேடி, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால்தான் எழுத்து கண்ணில் படும். மே மாதம் மின்விசிறி இரைகிறது. கரைப் புழுதி உள்ளே போய் அடைப்பதால் வருடம் ஒருமுறை திறந்து ஊத வேண்டும். கேமரா என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று லேப்டாப்பின் குற்றமில்லை. முதல் வருடம் ஒரு ஊரில், வயசான நீர்ப்பாய்ச்சி ஒருவர் மடை திறக்கிற முறையைச் சொல்லிக்கொண்டு வந்தார். எந்த வயலுக்கு முதல் தண்ணீர், யாருக்கு எத்தனை நாழிகை என்று சரளமாகப் பேச்சு ஓடியது. நான் லேப்டாப்பைத் திறந்தேன். பேச்சு நின்றது. "தம்பி, நீங்க ஆபீஸ்லேர்ந்தா வர்றீக?"

"இல்லய்யா, சும்மா எழுதி வெக்கிறதுக்குத்தான்."

"சரி சரி" என்றார். அப்புறம் கேட்டதற்கெல்லாம் "அதெல்லாம் பெரியவுகளுக்குத்தான் தெரியும்" என்றே பதில் வந்தது. அவரைவிடப் பெரியவர் அந்த ஊரில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஆள் முன்னால் நோட்டும் பேனாவும்தான். லேப்டாப் பஸ் ஏறிய பிறகு வெளியே வரும்.

இதே வேலைக்கு இன்று வாங்குவதானால் எதை வாங்குவேன் என்று தம்பி கேட்டான். அடுத்த மாடலான எக்ஸ்280 இன்னும் லேசு, எட்டாம் தலைமுறைச் சில்லு இருப்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஆனால் அதில் ரேம் பற்றவைத்தது, பேட்டரியும் உள்ளேயே போய்விட்டது. விண்டோஸ் இல்லாமல் முடியாது என்பவன் அவன், அதனால் 16 ஜிபி எக்ஸ்280ஆகத் தேடச் சொன்னேன். எனக்கு இன்னொரு எக்ஸ்270 போதும். போன மாதம் ரிச்சி தெரு பக்கம் போனபோது ஒன்று கண்ணில் பட்டது. கடைக்காரர் பேட்டரி புதுசு மாதிரி என்றார்.