பள்ளத்துக்குத்தான் பணம்: சால்வரோடு நான்கு ஆண்டுகள்

நகரங்களுக்குள் தரவு நெட்வொர்க் வடிவமைப்பது என் வேலை. அலுவலகங்கள், டவர்கள், தரவு மையங்கள் எல்லாவற்றையும் ஃபைபரால் இணைக்க வேண்டும். செலவு குறைய வேண்டும், எங்காவது ஒரு கேபிள் அறுந்தாலும் யாருக்கும் இணைப்பு போகக் கூடாது. நான்கு ஆண்டுகளாக இதற்கு உகப்பாக்க மென்பொருளை, அதாவது நிபந்தனைகளுக்குள் மிகக் குறைந்த செலவுள்ள தீர்வைத் தேடும் நிரலை, பயன்படுத்துகிறேன். முதலில் வாங்கிய வணிக மென்பொருள் ஒன்றை எட்டு மாதத்தில் விட்டுவிட்டேன். வரைபடமும் மொத்தச் செலவும் கொடுக்கும். ஏன் இந்தச் சாலை, ஏன் அந்தச் சாலை இல்லை என்று கேட்டால் அதில் பதில் கிடைக்காது. இப்போது பைத்தானில் பையோமோ என்ற நிரல் நூலகத்தை வைத்துக் கணக்கு மாதிரியை நானே எழுதுகிறேன். தீர்ப்பது ஹைஸ் என்ற திறந்த மூல சால்வர் (கணக்கைத் தீர்க்கும் நிரல்).

அனுபவம் உள்ளவர் கையாலேயே போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேபிள் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய சாலைத் துண்டுகள் 40 இருந்தாலே சேர்க்கைகள் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும். எல்லா இடங்களையும் மரம் போல இணைத்தால் போதும் என்றால் சிரமமே இல்லை. கணிதவியலாளர் கிரஸ்கல் 1956-இல் சொன்னபடி, மலிவான இணைப்பில் தொடங்கி, சுற்று உண்டாக்காதவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆனால் மரத்தில் ஒரு கிளை முறிந்தால் அதற்கு அப்பால் எதுவும் வேலை செய்யாது. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு தனி வழிகள் வேண்டும் என்றதும் கணக்கு கடினமாகிவிடுகிறது.

செலவுப் பட்டியல்தான் வடிவத்தையே தீர்மானிக்கிறது என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. ஃபைபர் இழை மலிவு. பள்ளம் தோண்டுவது, சாலையைத் திரும்பச் சரிசெய்வது, அனுமதி வாங்குவது, இவைதான் பணத்தை விழுங்குகின்றன. முதல் மாதிரியில் எல்லாச் சாலைக்கும் மீட்டருக்கு ஒரே செலவு போட்டிருந்தேன். சால்வரும் குறுகிய பாதையாகப் பார்த்து எடுத்தது. அதில் பாதி கான்கிரீட் சாலை. இப்போது மண் ஓரம், தார், கான்கிரீட், பாலம், ரயில் பாதைக்கு அடியில் துளையிட வேண்டிய இடம், வாடகைக்கு டக்ட் (கேபிள் செல்லும் குழாய்) கிடைக்கும் சாலை என்று பிரித்துத்தான் கொடுக்கிறேன். இந்தத் தரவைச் சேர்க்கவே மொத்த வேலையில் பாதி நேரம் போகிறது. போகட்டும், அதற்கு மேல் பயனுள்ள நேரம் இந்த வேலையில் வேறு இல்லை.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறொன்று. ஒரு வடிவமைப்பில் முக்கியமான ஒரு மையத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. திரையில் இரண்டும் தனித்தனிக் கோடுகள். தளத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே பாலத்தின் ஒரே டக்டில் போக வேண்டியவை. ஒரு பொக்லைன் தவறாகத் தோண்டினால் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். யோசித்தால் சால்வர் அங்கே போனது நியாயம்தான். ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள் போட்டால் செலவு குறையும், செலவைக் குறை என்று சொன்னது நான். அதன் பிறகு மாதிரியை இரண்டு அடுக்காக எழுதினேன்: கீழே பள்ளங்கள், மேலே கேபிள்கள். எந்த ஒரு பள்ளம் அறுபட்டாலும் எல்லோருக்கும் வழி மிஞ்ச வேண்டும் என்பது நிபந்தனை. மொத்தச் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறியது. முன்பு காட்டிய குறைந்த செலவு பாதுகாப்பே இல்லாத நெட்வொர்க்கின் செலவு.

இதோடு சேர்ந்து வரும் இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 30 கிலோமீட்டர் ரிங்கில் (வளையமாக இணைத்த பாதையில்) ஓர் இடம் மையத்திலிருந்து 4 கிலோமீட்டரில் இருக்கலாம். அந்தப் பக்கம் அறுந்தால் டிராஃபிக் 26 கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். 10 கிலோமீட்டருக்கான ஆப்டிக்கல் மாட்யூல் (ஃபைபரில் ஒளியை அனுப்பிப் பெறும் கருவி) அப்போது போதாது, 40 கிலோமீட்டருக்கானது வேண்டும், அதன் விலை அதிகம். ஒளி இழப்பு 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல், 1550-இல் சுமார் 0.2. இதோடு ஸ்பிளைஸ் (இழைகளை ஒட்டும் இடம்), கனெக்டர் இழப்பும் சேரும். ஆக, மாட்யூலை அறுந்த பிறகு வரும் பாதையின் நீளத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எழுதும் முறையில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். இணைப்பைத் திறந்தால்தான் அதில் டிராஃபிக் போகலாம் என்பதற்கு, திறப்பைக் குறிக்கும் 0 அல்லது 1-ஐ ஒரு பெரிய எண்ணால் பெருக்கி, டிராஃபிக் அதைத் தாண்டக் கூடாது என்று எழுதுவோம். அந்தப் பெரிய எண்ணுக்கு 10 லட்சம் என்று வைத்திருந்தேன். சால்வருக்கு 0.000001 என்பதும் பூஜ்யம்தான். அதைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் 1 வரும். காசே கொடுக்காத ஓர் இணைப்பில் 1 ஜிகாபிட் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது! இணைப்பின் உண்மையான கொள்ளளவையே அந்த எண்ணாக வைத்தேன். கசிவு நின்றது, ஓட்டமும் வேகமானது.

சால்வரில் எனக்கு மிகப் பிடித்தது அது காட்டும் இடைவெளிச் சதவீதம். கையில் உள்ள தீர்வின் செலவுக்கும், இதற்குக் கீழே போகவே முடியாது என்று அது நிரூபித்த எல்லைக்கும் உள்ள தூரம் அது. கையால் போட்ட வரைபடம் எதுவும் இதைச் சொல்லாது. என் மாதிரிகள் சில நிமிடங்களில் 4 சதவீதத்துக்கு வந்துவிடும், 1 சதவீதத்தைத் தொட மறுநாள் காலை ஆகிவிடும். கருவிகள் 1, 10, 100 ஜிகாபிட் என்று படிப்படியாகத்தான் கிடைப்பது இதற்கு ஒரு காரணம். அந்தக் கீழ் எல்லையைக் கணக்கிட சால்வர் முழு எண் நிபந்தனையைத் தளர்த்தும்போது, அதாவது பின்னமாகவும் வாங்கலாம் என்று விடும்போது, 0.3 ஜிகாபிட்டுக்கு 10 ஜிகாபிட் போர்ட்டில் நூற்றில் மூன்று பங்கு போதும் என்று கணக்குக்குத் தோன்றும். கடையில் அப்படி விற்க மாட்டார்கள். தோண்டும் செலவு மதிப்பீடே பத்து சதவீதம் முன்பின் இருக்கும்போது நான் 2 சதவீதத்தில் நிறுத்திவிடுவேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெர்லினின் சூஸே நிறுவனம் வெளியிட்ட எஸ்என்டிலிப் தொகுப்பில் உள்ள நெட்வொர்க் வடிவமைப்புக் கணக்குகளை முதலில் ஓட்டிப் பாருங்கள். தெரிந்த விடைகளோடு ஒப்பிடலாம். அப்புறம், பின்னால் தேவைப்படும்போது பயன்படுத்தக் காலி டக்ட் வேண்டும் என்று நீங்கள் எழுதாவிட்டால் சால்வர் ஒன்றைக்கூட விட்டுவைக்காது. தோண்டிய பள்ளத்தில் கூடுதல் குழாய் போடும் செலவு கொஞ்சம், திரும்பத் தோண்டுவது பெரிய செலவு. நான் ஐந்தாம் ஆண்டின் நெட்வொர்க்கை முதலில் தீர்த்து, அதிலிருந்து முதல் ஆண்டில் எதைத் தோண்டுவது என்று பின்னோக்கி வருகிறேன்.

இப்போதெல்லாம் ஒரே தீர்வோடு நிற்பதில்லை. கிடைத்த தீர்வைத் தடைசெய்து மறுபடி ஓட்டினால், செலவில் அரை சதவீதம்கூட வித்தியாசமில்லாத வேறு வரைபடங்கள் வருகின்றன. மூன்றைத் தேர்ந்தெடுத்து, தோண்டும் குழுவின் மேஸ்திரியிடம் கொடுப்பேன். போன முறை அவர் இரண்டைப் பார்த்ததுமே ஒதுக்கி வைத்தார். அந்தச் சாலையில் பாறை இருக்கிறது என்று என் தரவில் எங்குமே இல்லை.