ராத்திரி கேக்க எந்த கிட்டார்? மூணு பேண்ட், ஒரு வால்யூம்

பெரும்பாலும் பாட்டு இல்லாம கிட்டார முக்கியமா வச்சே ஒரு மனநிலைய கட்டி எழுப்புற இசை இருக்குல்ல, அதுல மூணு பேண்ட ரொம்ப நாளா மாத்தி மாத்தி கேட்டுட்டு இருந்தேன். கிளாஸ்கோவுல இருந்து மோக்வாய், டெக்சாஸ் ஆஸ்டின்ல இருந்து எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை, அதே ஆஸ்டின்ல ஆரம்பிச்ச ஸ்டார்ஸ் ஆஃப் த லிட். இப்ப தினமும் ராத்திரி ஓடுறது எக்ஸ்ப்ளோஷன்ஸ் தான்.

மூணு பேரும் நல்லா வாசிப்பாங்க, அதுல பேச ஒண்ணுமில்ல. எனக்கு முடிவ எடுத்துக் கொடுத்தது வால்யூம். நான் கேக்க உக்காரும்போது மணி பத்தாயிடும், பக்கத்து ரூம்ல குழந்தை தூங்கும், அழுதா காதுல விழணும்ங்கிறதால ஹெட்போன் போட மாட்டேன், மேசை மேல ஒரு சின்ன ஸ்பீக்கர், தலைக்கு மேல ஃபேன், அவ்ளோதான் செட்டப். ஒரு தடவ வால்யூம் வச்சா ஆல்பம் முடியிற வரைக்கும் கை வைக்கக் கூடாது.

மோக்வாயோட 1997 ஆல்பம் 'யங் டீம்'ல 'லைக் ஹெராட்'னு ஒண்ணு இருக்கு. முதல் சில நிமிஷம் அவ்ளோ மெதுவா போகும், சரியா கேக்கலையேன்னு வால்யூம ஏத்துவோம், அப்புறம் எந்த முன்னறிவிப்பும் இல்லாம மொத்த பேண்டும் சேந்து இடிக்கும். பகல்ல அந்த இடத்துல எனக்கு உடம்பு சிலிர்க்கும், ராத்திரி ஸ்பீக்கர நோக்கி ஓடணும். ஆப்ல நார்மலைசேஷன் ஆன் பண்ணா போதுமேன்னு கேப்பீங்க, அது ஒரு டிராக்குக்கும் இன்னொரு டிராக்குக்கும் நடுவுல சமன் பண்றது, ஒரே டிராக்குக்குள்ள வர்ற ஏத்த இறக்கத்த அது தொடாது.

ஸ்டார்ஸ் ஆஃப் த லிட்ல பிரச்சினை நேர் எதிர். டிரம்ஸே கிடையாது, கிட்டார்னே அடையாளம் தெரியாத அளவுக்கு இழுத்து நீட்டுன ஒலி. ஆனா சத்தத்த குறைக்க குறைக்க நம்ம காது அடி ஒலியத்தான் (பேஸ்) முதல்ல விட்டுடும், இவங்க இசையில பாதி உயிர் அந்த அடியிலதான் இருக்கு. மிச்சத்த ஃபேன் முழுங்கிடுது. நான் இவங்களோட 2007 ஆல்பம் ஒண்ணுதான் முழுசா கேட்டிருக்கேன், அத வச்சு சொல்றேன்.

எக்ஸ்ப்ளோஷன்ஸ்ல மூணு கிட்டார், ஒரு டிரம்ஸ், தேவப்பட்டா அதுல ஒருத்தர் பேஸ் கிட்டார் எடுத்துக்குவார். ஒவ்வொரு கிட்டாரும் ஒரு சின்ன வரிதான் வாசிக்கும், அதே ஸ்வரத்த வேக வேகமா மீட்டிட்டே இருப்பாங்க, மேல டிலே (ஒலிய திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கிறது), ரிவெர்ப் (பெரிய ஹால்ல கேக்குற மாதிரி எதிரொலி), அதனால வயலின் கூட்டம் மாதிரி நீளும். அந்த ஒலி பெரும்பாலும் நடு, மேல் ஸ்தாயியில இருக்கிறதால சின்ன சத்தத்துலயும் தெளிவா வந்துடும். இவங்களும் சத்தமா போவாங்க, 2003 ஆல்பத்துல மொத்தமே அஞ்சு டிராக், அதுல ரெண்டாவது முடியிற இடத்துல நல்லாவே அதிரும், ஆனா பெரும்பாலும் படிப்படியா ஏறி வர்றதால காது தயாராயிடுது. இதுல மூணு பேர் மேற்கு டெக்சாஸ் மிட்லாண்ட்ல வளர்ந்தவங்க, பக்கத்து ஊர் ஒடெஸாவோட பள்ளிக்கூட அமெரிக்கன் ஃபுட்பால் பத்தின 2004 படத்துக்கு இவங்கதான் இசை. ஆளே இல்லாத சமவெளியில ரோடு நீளமா போற உணர்வு இவங்க வாசிப்புல எப்பவும் இருக்கும், எனக்கு ராத்திரியில வேண்டியது அதுதான்.

மேடையில மூணு பேரையுமே நான் பாத்ததில்ல, நேர்ல கேட்டவங்க மோக்வாய் பக்கம் சாஞ்சா நான் எதிர்த்துப் பேச மாட்டேன். தனி வீடு, நல்ல பெரிய ஸ்பீக்கர்னா நானுமே ஒருவேளை அங்கதான் போயிருப்பேன்.

புதுசா கேக்குறவங்க அந்த 2003 ஆல்பத்தோட கடைசி டிராக் 'யுவர் ஹேண்ட் இன் மைன்'ல ஆரம்பிங்க. அப்புறம் ரெண்டாவது டிராக்கோட கடைசி ரெண்டு நிமிஷத்த போட்டு அதுக்கேத்த மாதிரி வால்யூம வச்சுட்டு, முதல்ல இருந்து ஓட விடுங்க.