“சிமெண்ட்” என்ற ஒரே சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

என் கால் எலும்புக்குள் இருப்பது நான் ஒப்புக்கொண்ட பொருள் இல்லை. அது தெரியவர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

ஏணியிலிருந்து விழுந்ததில் முழங்கால் மூட்டுக்கு நேர் கீழே எலும்பின் மேல்தட்டு உள்ளே அமுங்கிவிட்டது. அதை நெம்பித் தூக்கி, பிளேட்டும் ஸ்குரூவும் போட்டு, அடியில் உண்டாகும் பள்ளத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைப்பது பழைய, நல்ல வழி. ஆனால் எடுத்த இடம் ரொம்ப நாள் வலிக்கும் என்றார்கள். “அதுக்குப் பதிலா கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் வைக்கிறோம் சார். எலும்பில் இருக்கிற அதே மாதிரி தாதுதான். மெல்லக் கரைஞ்சு அந்த இடத்தில் உங்க எலும்பே வளர்ந்துடும்.” விலை கூடுதல்தான். சரி என்றேன். ஒப்புதல் படிவத்தில் வெறுமனே “எலும்பு சிமெண்ட்” என்று இருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அங்கேயே கோட்டை விட்டுவிட்டேன்.

முதுகில் ஊசி போட்டிருந்ததால் ஆபரேஷன் முழுக்க விழித்திருந்தேன். கடைசிப் பகுதியில் குப்பென்று ஒரு நெடி வந்தது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. மூக்கை எரிக்கிற வாடை. “என்ன சிஸ்டர் இது?” என்றேன். “மருந்துதான் சார், நல்லா மூச்சு விடுங்க” என்றார். திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிமிடக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “இன்னும் கிளவுஸில் ஒட்டுது” என்று ஒரு குரல். கொஞ்ச நேரம் கழித்து, “ஒட்டலை, இப்போ வைக்கலாம்.” அன்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது புரிகிறது: அந்த நெடிதான் சாட்சி.

கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் தண்ணீர்த்தன்மையுள்ள திரவத்தில் குழைக்கிற தூள். அப்படி நெடி அடிக்காது, பெரிதாகச் சூடாகவும் செய்யாது. அந்த வாடை மெத்தில் மெதாக்ரிலேட் என்ற திரவத்துடையது. அதைத் தூளோடு கலந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கல்லாகி, பிஎம்எம்ஏ என்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக் ஆகிவிடும். இறுகும்போது நன்றாகச் சூடேறும். பல்செட் செய்வதும் இதே குடும்பத்துப் பொருளில்தான். ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1958இல் செயற்கை இடுப்பு மூட்டைத் தொடையெலும்புக்குள் இறுக்க இதைப் பயன்படுத்தினார். இன்றுவரை மூட்டு மாற்றுச் சிகிச்சையில் இதற்குத் தனி இடம் உண்டு. சிமெண்ட் என்று பெயர் இருந்தாலும் இது பசைபோல ஒட்டாது. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கரையாது, எலும்பாக மாறாது, எடுத்தால் ஒழிய ஆயுளுக்கும் அப்படியே இருக்கும்.

போதாக்குறைக்கு மூன்றாவதாகக் கால்சியம் சல்ஃபேட்டும் இருக்கிறது. மாவுக்கட்டுப் போடும் அதே பிளாஸ்டர் வகை. எலும்புப் பள்ளத்தை நிரப்ப 1892லேயே பயன்பட்டது. சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும், சில சமயம் எலும்பு வளர்ந்து முடிவதற்கு முன்பே. குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த மூன்றையும் வாய்ப்பேச்சில் “சிமெண்ட்” என்றே சொல்லிவிடுகிறார்கள்.

பிஎம்எம்ஏவைக் குறை சொல்லவில்லை. சிலவகை எலும்புக் கட்டிகளைச் சுரண்டி எடுத்த பள்ளத்தில் வைப்பதற்கு அதைத்தான் தேடிப் போவார்கள். எனக்கு அதுதான் சரி என்று டாக்டர் நினைத்திருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம், நானும் யோசித்திருப்பேன். ஒன்றைச் சொல்லி, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு, வேறொன்றை வைத்ததுதான் என் வழக்கு.

இரண்டு வருடம் கழித்து முழங்கால் வலிக்க, வேறொரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் மூட்டுக்கு அடியில் சுண்ணாம்புக் கட்டிபோல ஒரு வெள்ளை உருண்டை, விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல. “இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, கால்சியம் பாஸ்பேட்டும் வருஷக்கணக்கில் வெள்ளையாத் தெரியலாம். ஆபரேஷன் நோட்ஸ் வாங்கிட்டு வாங்க” என்றார். நியாயமான மனிதர்.

அந்த நோட்ஸை வாங்க மூன்று தடவை அலைந்தேன். ரெக்கார்டு ரூமில் கோப்பு இல்லை, பொறுப்பாளர் விடுப்பு, இப்படி. கடைசியில் கிடைத்த நகலின் மூன்றாம் பக்கத்தில், ஓரம் மடங்கிய ஒரு ஸ்டிக்கர். தூள் 40 கிராம், திரவம் 20 மில்லி, ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்தது. பிஎம்எம்ஏ சிமெண்ட் வழக்கமாக வருகிற அளவே அதுதான் என்றார் டாக்டர். பில்லை எடுத்துப் பார்த்தேன்: “கால்சியம் பாஸ்பேட் எலும்பு நிரப்பி.”

திரும்பப் போய்க் கேட்டதற்கு, “எல்லாம் சிமெண்ட்தானே சார்” என்றார் ஒருவர். “அன்னிக்கு அது ஸ்டாக் இல்லை” என்றார் இன்னொருவர். அப்படியானால் பில்லில் எப்படி வந்தது என்றேன். பதில் இல்லை. வலிக்கு அந்த உருண்டைதான் காரணமா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லமாட்டேன். ஆனால் நாளைக்கு மூட்டு மாற்ற வேண்டி வந்தால், முதலில் அதைப் பெயர்த்து எடுக்க வேண்டியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆபரேஷன் என்றால், பொருளின் முழுப் பெயரைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். கரையுமா, கரையாதா என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். மாற்ற நேர்ந்தால் யாரிடம் சொல்வார்கள் என்று முன்னாடியே கேட்டு வையுங்கள். உடம்புக்குள் வைக்கும் பொருள்களின் பெட்டியில் பெயரும் லாட் எண்ணும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) உள்ள ஸ்டிக்கர் இருக்கும்; வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் அதன் நகலை வாங்கி, அங்கேயே பில்லோடு ஒப்பிட்டுவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் என்னைப்போல அலைய வேண்டியதுதான்.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. “கணக்கில் நேர்ந்த பிழை” என்று போட்டு, விலை வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறார்களாம். பொருள்: எலும்பு சிமெண்ட் தொடர்பாக. எந்த சிமெண்ட் என்று அதிலும் எழுதவில்லை.