"இன்ஜின் போச்சு" என்று சொல்லி விற்ற 407: ஆறு வருடம் ஓட்டிய பிறகு

போன வாரம் மச்சான் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கோவிந்தாபுரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குள் நிற்கிற 14 அடி லாரி. கீழே ஒரே வரி: "கியர்பாக்ஸ் சத்தம்ங்கறாங்க, ரெண்டு லட்சத்துக்கு முடியும்போல, எடுக்கட்டுமா மாப்ள?"

போனில் அரை மணி நேரம் பேசியும் சொல்லி முடியவில்லை. அவரைப் போல இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ், ஆபீஸ் காகிதத்தில் மலையாளம் என்று இருக்கிற ஊர். வேலந்தாவளம் சந்தையில் காய்கறி ஏற்றி திருச்சூர் சக்தன் மார்க்கெட்டில் இறக்குவதுதான் பிழைப்பு. 2019-லிருந்து மூன்று பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். மூன்றுமே ஏதாவது ஒரு பெரிய கோளாறைச் சொல்லி, யாரும் கிட்டே வராமல் நின்ற வண்டிகள். அதில் முதலில் வாங்கிய 2009 மாடல் டாடா 407 லாரி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

407 என்ன வண்டி என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1986-லிருந்து ரோட்டில் ஓடுகிறது. 497 இன்ஜின் என்பார்கள்: நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2956 சிசி. இது தெரியாத மெக்கானிக் எங்கள் பக்கம் கிடையாது, சாமான் கிடைக்காத கடையும் கிடையாது. நேராக அது வந்த கதைக்குப் போகிறேன்.

வண்டி ஒரு செங்கல் சூளையில் நின்றது. காலையில் ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிவிடும், அப்புறம் நாலு பேர் தள்ளினால் வெள்ளைப் புகையாகக் கக்கி, இருமி இருமி உயிர் வரும். ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் சாயந்திரம் வரைக்கும் தொந்தரவு இல்லை. டிரைவர் "இன்ஜின் வேலை வெச்சிருச்சுங்க" என்றிருக்கிறார். ஒரு பட்டறையில் டீசல் பம்பும் நாசிலும் கழற்றிச் செய்ய 40,000 ஆகும் என்றிருக்கிறார்கள். டிரைவர் சொன்னதை ஓனர் நம்பி, ஓனர் சொன்னதை புரோக்கர் நம்பி, என்னிடம் வரும்போது "இன்ஜின் சுத்தமா போச்சு, பாடி விலைக்கு எடுத்துக்குங்க" என்று ஆகியிருந்தது. 1,65,000 ரூபாய்க்கு முடித்தேன். ஓடுகிற வண்டியாக இருந்தால் அன்றைய நிலவரத்துக்கு இன்னும் ஒரு லட்சமாவது கூடப் போயிருக்கும்.

நான் தைரியமாக வாங்கியதற்குக் காரணம், கூட வந்த அண்ணன். நாற்பது வருடமாக லாரி வேலை பார்ப்பவர். ஸ்டார்ட் ஆன பிறகு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். இன்ஜின் உள்ளே தேய்ந்திருந்தால் அந்த வாயிலிருந்து குப்குப்பென்று புகை வரும், பேக் கம்ப்ரஷன் என்பார்கள். வரவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். கருப்பாகத்தான் இருந்தது. மேட்டில் ஏற்றிப் பார்த்தார், புல்லிங் இருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எடுத்துக்க தம்பி. இது இன்ஜின் சீக்கு இல்ல, எங்கியோ காத்து இழுக்குது" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் விடியற்காலையில் அவர் செய்ததை இப்போதும் படம் மாதிரி சொல்வேன். ஃபில்டருக்கு டீசல் வருகிற ரப்பர் ஓஸைக் கழற்றி, அந்த இடத்தில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம் மாட்டினார். மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற டியூப் மாதிரி, கொஞ்சம் பெருத்தது. செல்ஃப் அடிக்கச் சொன்னார். டியூபுக்குள் டீசல் வந்தது, அதற்கு நடுவே குட்டிக் குட்டியாகக் குமிழி, சோடா பாட்டிலை உடைத்த மாதிரி விடாமல் ஓடியது. "பாத்துக்க, இதுதான் அந்த நாப்பதாயிரம்" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். டேங்க் கீழே இருக்கிறது, இன்ஜின் மேலே இருக்கிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அந்த வழியில் எங்காவது மயிரிழை வெடிப்பு இருந்தாலும் ராத்திரி முழுக்க நிற்கும்போது காற்று நுழைந்து, குழாயில் இருக்கிற டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்புக்குப் போவது காற்று, எப்படி ஸ்டார்ட் ஆகும்? இதில் ஏமாற்றுகிற இடம், வெளியே ஒரு சொட்டு ஈரம் தெரியாது. உறிஞ்சுகிற பக்கம் என்பதால் டீசல் வெளியே ஒழுகாமல் காற்றுதான் உள்ளே போகும். அதனால் பார்க்கிறவர்கள் எல்லோரும் குழாயை விட்டுவிட்டுப் பம்பின் மேல் கை வைக்கிறார்கள்.

டேங்க் பக்கத்தில் ரப்பர் ஓஸ் ஓரத்தில் வெடித்திருந்தது. ஃபில்டரில் குழாயைப் பிடிக்கிற போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் போடுகிற காப்பர் வாஷர் பலமுறை முடுக்கித் தகடாகியிருந்தது. புது ஓஸ், நாலு வாஷர், ரெண்டு கிளிப், எல்லாம் சேர்த்து 380 ரூபாய். கூலி வாங்க மாட்டேன் என்றவர் கையில் 500 ரூபாயைத் திணித்தேன். கை பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றிவிட்டு சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்று. அந்த வண்டி அவ்வளவு சீக்கிரம் பேசும் என்று நான் நினைக்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அதற்கப்புறம் ஆறு வருடம். திருச்சூர் போகிற வழியில் குதிரான் சுரங்கம் திறப்பதற்கு முன்னால், மழைக்காலத்து ராத்திரியில் அந்த மேட்டில் குழியும் சேறுமாக வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். முன்னால் போகிற வண்டி நின்றால் நாமும் ஏற்றத்தில் நிற்க வேண்டும், திரும்ப எடுக்க வேண்டும். தக்காளியும் பூசணியும் ஏற்றிக்கொண்டு ரெண்டாவது கியரில் இந்த வண்டி ஒரு நாளும் மூச்சு வாங்கி நின்றதில்லை. 2021 ஜூலை கடைசியில் முதல் சுரங்கம் திறந்தபோது அதில் போன முதல் வாரமே நானும் போனேன். ஓணம் சமயத்தில் ஒரு நாளைக்கு ரெண்டு நடை அடித்திருக்கிறேன். லோடோடு லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் தருகிறது. நடுவில் கிளட்ச் பிளேட் ஒரு தடவை, பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒரு தடவை, டயர்கள், வருடாவருடம் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, கொஞ்சம் டிங்கரிங், பெயிண்ட். இன்ஜினை இன்னும் திறக்கவில்லை.

ரெண்டாவது வண்டி சுருக்கமாக. 14 அடி பாடி, டர்போ இன்ஜின். "ஹீட் ஆகுது, ஹெட் போச்சு" என்று விலை இறக்கியது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் கொப்புளம் கொப்புளமாக வரும். வரவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி நார் மில்லுக்குத் தேங்காய் மட்டை ஏற்றிய வண்டி. டர்போ காற்றைக் குளிர வைக்க ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற இன்டர்கூலரைக் கழற்றி, ரேடியேட்டருக்கும் அதற்கும் நடுவே பார்த்தால், தேங்காய் நார்த்தூள் கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. ஒரு வாளி நிறைய எடுத்தோம். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். முடிந்தது. மூன்று வருடம் ஓட்டி நல்ல விலைக்குக் கொடுத்தேன்.

இதுவரை படித்தால், வாங்கச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று தோன்றும். இப்போது மூன்றாவது வண்டி.

2022 கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் வாங்கினேன், டி.என். 41 நம்பர். எங்கள் மாவட்டத்து முதலமடை மாங்காய்க்கு என்றே வாங்கியது. மற்ற ஊர்களில் பூப்பூத்து நிற்கும்போதே இங்கே காய் இறங்க ஆரம்பித்துவிடும். அந்த மூன்று நாலு மாதம் வண்டி இருந்தால் போதும், வருடத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம். சொன்ன கோளாறு: கியர் விழவில்லை, கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். உண்மையில் கிளட்ச் சிலிண்டரில் ரப்பர் கிட் போயிருந்தது. மிதித்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை, கியர் எப்படி விழும்? ஒரு சாயந்திரத்தில் சரி செய்தோம். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தில் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் என்று வண்டி மேல் கடன் கொடுத்தவர் பேரை எழுதுகிற இடத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பேர் அப்படியே இருந்தது. "லோன் எப்பவோ முடிஞ்சுதுங்ணா, பேரு எடுக்காம வுட்டுட்டோம்" என்றார் விற்றவர். பொய் சொல்லவில்லை, முடிந்தது உண்மைதான். ஆனால் முடிந்ததற்கான காகிதம் அவரிடம் இல்லை. கம்பெனியின் அந்தக் கிளையும் இல்லை, மூடிவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தது. ஃபைனான்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் 35 இல்லாமல் அந்தப் பேரை எடுக்க முடியாது. அது எடுபடாமல், வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் தருகிற என்.ஓ.சி. நகரவில்லை. என்.ஓ.சி. இல்லாமல் கேரளாவில் என் பேருக்கு மாற்ற வழியில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் விற்றவர் 45 நாளுக்குள் செய்ய வேண்டியதும் வாங்கியவர் 30 நாளுக்குள் செய்ய வேண்டியதும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. எனக்கு ஆனது பதினோரு மாதம்.

அந்தப் பதினோரு மாதத்தை எப்படிச் சொல்வது. போன் பண்ணினால் வேறு நம்பர் தருவார்கள். அந்த நம்பரில் பழைய லோன் நம்பர் கேட்பார்கள். அது விற்றவருக்கே தெரியாது. ஒரு தடவை விடியற்காலையில் கிளம்பி அந்த ஊருக்கே போனேன், "சார் லீவு" என்றார்கள். காப்பி கொடுத்தால் ஒரிஜினல் கேட்டார்கள். ஒரிஜினல் கொடுத்தால் அதைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, வந்ததா என்று யாருக்கும் தெரியாமல் இருந்தார்கள். யார் மேலும் தனியாகக் கோபப்பட முடியாது, ஒவ்வொருத்தரும் அவரவர் மேஜையில் இருப்பதைத்தான் செய்தார்கள். ஆனாலும் இன்றைக்கும் அந்த ஊர் பேரைப் பஸ்ஸில் பார்த்தால் வயிறு எரிகிறது.

வண்டி வீட்டுப் புளியமரத்தடியில் நின்றது. கிளட்ச் சரி, இன்ஜின் சரி, டயர் நல்ல டயர். அடுத்தவர் பேரில் இருக்கிற வண்டியை லோடு ஏற்றி எல்லை தாண்டி ஓட்டி ஏதாவது நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸில் யாரைக் காட்டுவது? அதனால் எடுக்கவில்லை. மாங்காய் சீசன் வந்தது, போனது. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டு அந்த வண்டியைப் பார்ப்பேன். நின்றே பேட்டரி செத்தது. ஒரு பக்கம் வெயில் பட்டு டயர் ஓரம் வெடித்தது. காகிதம் வந்த மாதமே விற்றுவிட்டேன், நட்டத்துக்கு. அந்த வண்டியில் எனக்கு ஒரு நடை கூட ஓடவில்லை.

இத்தனை வருடத்தில் விற்றவர்கள் சொன்ன கோளாறு எதுவும் என்னைக் கவிழ்க்கவில்லை. யாரும் வாயே திறக்காத அந்த ஒரு வரிதான் கவிழ்த்தது.

மச்சான், உங்கள் கோவிந்தாபுரம் வண்டிக்கு வருகிறேன். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் கியர்பாக்ஸில் இல்லாமல், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஜாயிண்ட் ராடில் க்ராஸ் தேய்ந்தோ நடு பேரிங் போயோ வருகிறதாக இருக்கலாம். வண்டியை எடுக்கும்போது டங்கென்று ஒரு தட்டு கேட்டால் பெரும்பாலும் அதுதான். நிறுத்தி வைத்து, கட்டை கொடுத்து, கீழே படுத்து ராடைக் கையால் ஆட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். காலையில் சொல்லாமல் போங்கள், இன்ஜின் மேல் கை வையுங்கள். சுடுகிறது என்றால் நீங்கள் வருவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால் விலையே கேட்காமல் திரும்பி வந்துவிடுங்கள். இதெல்லாம் தேறினால் ரெண்டு லட்சம் அந்த வண்டிக்கு நல்ல விலை.

ஆனால் என்னைக் கேட்டால் வேண்டாம். நம்பர் டி.என்., நீங்கள் கேரளாவில் இருக்கிறீர்கள். நேற்று ஆர்.சி. காப்பி கேட்டதற்கு "வண்டியப் பாத்துட்டு அப்பறம் பேசிக்கலாம்" என்றார்களாமே, அந்த வார்த்தை எனக்குப் போதும். தங்கச்சி நகையை வைத்து இன்னொரு புளியமரத்தடியில் வண்டி நிறுத்த வேண்டாம்.

அவசரத்துக்கு வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் 407-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், டீசல் மட்டும் போட்டால் போதும். விலைக்கு மட்டும் கேட்காதீர்கள், அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.