இளவேனிலில் வீட்டுக்கு வந்த மூன்று பொருள்கள்

சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்பே எங்கள் தெரு வேப்பமரம் பூத்துக் கொட்டத் தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் வாசல் பெருக்கும்போது எழுகிற அந்தப் பூவின் மணம்தான் மதுரையில் இளவேனில் வந்துவிட்டது என்பதை எனக்குச் சொல்லும். ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்த நம் முன்னோர் ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்று வைத்து, சித்திரைக்கும் வைகாசிக்கும் இளவேனில் என்று பெயரிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருக்கும் காலத்துக்கு ‘இள’ என்ற அடைமொழியைக் கொடுத்த அந்த மனத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். தளிரும் பூவும் நுங்கும் வருகிற காலம் அல்லவா இது! கல்லூரிக் காலத்திலிருந்து பிரியாத தோழியர் நால்வர் நாங்கள். இந்தப் பருவம் பிறந்ததும், அவரவர் புதிதாகக் கண்டடைந்த நல்ல பொருள்களை மற்றவர்களுக்குச் சொல்வதும் முடிந்தால் வாங்கி அனுப்புவதும் எங்கள் வழக்கம். இந்த ஆண்டு என் பங்காக நான் சொன்ன மூன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

முதலாவதும் முதன்மையானதும் மானாமதுரை மண்பானை. வைகைக் கரையில் இருக்கும் அந்த ஊரின் மண்பாண்டங்கள் 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கடத்துக்கும் அந்த ஊர் பெயர் பெற்றது. அழகர் ஆற்றில் இறங்கிய மறுவாரம் அங்கே சென்று, குழாய் பொருத்திய 12 லிட்டர் பானை ஒன்றை மண்பாண்டம் செய்யும் வேளார் ஒருவரின் வீட்டு முற்றத்திலேயே 400 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்குவதற்கு முன் பானையை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கச் சொன்னார். நன்றாக வெந்த பானை கணீரென்று ஒலித்தது. விரிசல் கண்ட இன்னொன்று மந்தமாக ஒலித்தது. அந்த வேறுபாட்டை ஒரு முறை கேட்டுவிட்டால் பிறகு ஏமாற வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, முதல் இரண்டு முறை நிரப்பிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, மூன்றாம் நாளிலிருந்துதான் குடிக்கத் தொடங்கினோம். காற்று வருகிற சன்னலோரத்தில், ஈரமணல் பரப்பிய தட்டின் மேல் பிரிமணை வைத்து அதில் பானையை அமர்த்தியிருக்கிறேன். ஒரு பிற்பகல் 3 மணிக்கு வெப்பமானி கொண்டு பார்த்தபோது கூடத்தின் வெப்பம் 36 டிகிரி செல்சியஸாகவும் பானைத் தண்ணீரின் வெப்பம் 27 டிகிரியாகவும் இருந்தன. மின்சாரம் ஒரு துளியும் செலவாகாமல் ஒன்பது டிகிரி குறைந்திருப்பதை என் கண்ணால் கண்டபோது உண்மையிலேயே வியந்து நின்றேன். பானையின் நுண்துளைகள் வழியே கசிகிற நீர் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஒரு கிராம், பானைக்குள் இருக்கும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்கப் போதுமானது. குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரைப் போலத் தொண்டையைப் பிடிக்காத அந்த இதமான குளிர்ச்சிக்கு மண்ணின் மணமும் சேரும்போது, வேறெந்தத் தண்ணீரும் எனக்கு நிறைவாக இருப்பதில்லை.

ஆனால் இதே பானை எல்லா ஊரிலும் இதே போல் வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் கடற்கரைக்கு அருகில் வசிக்கும் தோழி, தன் வீட்டில் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் குறையவில்லை என்று வருத்தப்பட்டாள். குறை பானையில் இல்லை. காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும் இடத்தில் நீர் ஆவியாவது மெதுவாகிவிடுகிறது. மதுரை போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில்தான் பானை தன் முழுத் திறனையும் காட்டுகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, பானையைச் சுற்றி ஈரமான பருத்தித் துணியைக் கட்டினால் ஓரளவு பயன் கிடைக்கும்.

வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு கடையில் வெளிப்புறம் முழுவதும் வண்ணம் தீட்டிப் பூ வரைந்திருந்த அழகான பானையை இதைவிட இருமடங்கு விலை கொடுத்து வாங்கினேன். அதில் தண்ணீர் சற்றும் குளிரவில்லை. வண்ணப்பூச்சு நுண்துளைகளை அடைத்துவிட்டால் அது வெறும் பாத்திரம்தான். ஆகவே பூச்சில்லாத, கையால் தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் பானையையே தேர்ந்தெடுங்கள். என் புதிய பானையிலும் ஒரு குறை இருந்தது: குழாய் பொருத்திய இடத்தில் நீர் சொட்டியது, ரப்பர் வளையத்தை மாற்றிய பிறகே நின்றது. சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, ஏனெனில் மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரால் தேய்த்தாலே போதும். உப்புத் தண்ணீர் ஊற்றுபவர்களின் பானையில் வெளியே வெள்ளையாகப் பூத்து, நாளடைவில் துளைகள் அடைபடும். அப்போது புதிய பானை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது பத்தமடைப் பாய். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் தாமிரபரணிக் கரையோரக் கோரையால் நெய்யப்படும் இந்தப் பாய், மிக நுண்ணிய நெசவில் பட்டுத்துணி போல மடங்கும். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் நெய்து அனுப்பப்பட்டது. அத்தகைய நுண்பாய் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளது என்பதால் நான் நடுத்தர நெசவுள்ள ஒன்றையே வாங்கினேன். பிளாஸ்டிக் பாயில் வியர்வை முதுகோடு ஒட்டும்; கோரையில் அந்தத் தொல்லை இல்லை. மதியத்தில் மொசைக் தரையில் இதை விரித்துப் படுத்தால் புல்வாசனையோடு உறக்கம் வருகிறது. மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது நன்னாரி. புட்டியில் வரும் சர்பத்தைத் தவிர்த்து, நாட்டு மருந்துக் கடையில் வேராகவே வாங்கினேன். வேரை இடித்து, நடுவிலுள்ள கட்டையை நீக்கி, மேல்தோலை வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துப் பாகு காய்ச்சினால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. வெனிலாவின் மணத்துக்குக் காரணமான பொருளும் நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருளும் ஒரே அணுக்கள் ஒரே எண்ணிக்கையில், வேறு அமைப்பில் சேர்ந்து உருவானவை; நம் வேரின் வாசனை அந்த அயல்நாட்டு மணத்தை நினைவூட்டுவதற்கு அதுவே காரணம். வீட்டில் காய்ச்சிய பாகு வெளிர்பழுப்பாகவே இருக்கும். கருஞ்சிவப்பாக மின்னும் புட்டிகளை வாங்குமுன் அவற்றில் நிறமி சேர்த்திருக்கிறார்களா என்று சீட்டைப் படித்துப் பாருங்கள். இரண்டு கரண்டிப் பாகு, அரை மூடி எலுமிச்சை, மீதி முழுவதும் பானைத் தண்ணீர் என்பதே எங்கள் வீட்டு அளவு, பனிக்கட்டி வேண்டியதில்லை.

நால்வரில் ஒருத்திக்கு மட்டும் இன்னும் பானை போய்ச் சேரவில்லை. வைகாசி விசாகத்துக்கு அவள் ஊருக்கு வருகிறாள். தட்டிப் பார்த்து எடுத்த ஒரு பானையை வைக்கோல் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறேன், கூடவே ரப்பர் வளையம் ஒன்றும்.