பெரம்பூர் பெட்டியை வீட்டிலேயே அச்சடிக்கலாமா?

ஜெர்மன் ரயிலை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு மாடலாக, ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு 3டி பிரிண்டர் தேவையே இல்லை. கடையில் வாங்குகிற மாடலின் நேர்த்தி வீட்டு மெஷினில் லேசில் வராது. நம்மூர் ரயில்தான் வேண்டும் என்றால் கதை வேறு. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2018 வரை ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளிய பழைய நீலப் பெட்டி, மாடலாகக் கிடைப்பது அபூர்வம். சரி, மெஷின் வாங்கலாம். எதை?

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் போடும் ஃபிலமென்ட் பிரிண்டர்தான் மலிவு. நிஜப் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், மாடலில் 24.5 செ.மீ. பரவலாக விற்கும் மெஷின்களின் மேடை 22 செ.மீ. சதுரம், குறுக்காகப் படுக்க வைத்தால் அடங்கிவிடும். வளைந்த கூரையில்தான் மானம் போகும். படிப்படியாக வரி விழும். பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி பிரைமர். ஜன்னல் கம்பியோ கேட்கவே வேண்டாம். நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தாலும் மாடலில் 0.11 மி.மீ.; பிளாஸ்டிக் வெளியே வரும் நாசில் துளையே 0.4.

திரவ ரெசினை ஒளியால் இறுகவைக்கும் ரெசின் பிரிண்டரில் ஒரு புள்ளி 0.05 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. போகியின் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) ஸ்பிரிங், கதவுக் கைப்பிடி எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஜன்னல் கம்பி இதிலும், அச்சாகும்போது தாங்கிப் பிடிக்கும் சப்போர்ட்டைக் கிள்ளும்போதே ஒடியும். பழைய மின் வயரை உரித்து 0.2 மி.மீ. செம்பு இழை ஒன்றை ஒட்டுவது மேல். சின்ன மெஷினில் முழுப் பெட்டி நிற்காது, இரண்டாக வெட்டி இணைக்க வேண்டும். மெல்லிய நீளச் சுவர் நாளாக நாளாக முறுக்கிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அப்புறம் நாற்றம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, ஆல்கஹாலில் கழுவ வேண்டும், கழுவிய திரவத்தை சிங்க்கில் ஊற்றவும் கூடாது. காற்றோட்டமான தனி இடம் இல்லாத வீட்டுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

யாரும் கணக்கில் எடுக்காத மூன்றாவது ஆள், ஸ்டிக்கர் வெட்டும் கட்டர் மெஷின். ஐசிஎஃப் பெட்டியின் பக்கச் சுவர் ஏறக்குறைய தட்டைப் பலகைதான். 0.25 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாளில் ஜன்னல்களை வெட்டி, இரண்டு தாளை ஒட்டினால் சுவர் தயார். மாடல் சிமெண்ட் இதை உருக்கிப் பிணைக்கும்; ஃபிலமென்ட் பிரிண்டரின் பிஎல்ஏ பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் அந்த சிமெண்ட் பிடிக்காது, சூப்பர் குளூதான். பெயின்ட் பட்டைக்கு மறைப்பு டேப் வெட்டவும் இதே மெஷின். மெஷினில் நாற்றம் கிடையாது, படுக்கையறை மேஜையில் வைக்கலாம்.

என் ஓட்டு கட்டருக்கு. போகியை மட்டும் வரைந்து, ரெசினில் அச்சடித்துத் தரும் கடைக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று மெஷினுக்கும் வரைபடம் நீங்கள்தான் போட வேண்டும். மாலை நேரங்களை விழுங்குவது அந்த வேலைதான். வரையும்போது ஒன்று: நம் அகலப்பாதையின் தண்டவாள இடைவெளி கணக்குப்படி 19.3 மி.மீ. வர வேண்டும், கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5. போகியை அதற்கேற்ப உள்ளே இழுத்து வரையுங்கள். சக்கரத்தை அச்சடிக்க நினைக்காமல் உலோகத்தில் வாங்கிவிடுங்கள்.