சுவாசப் பராமரிப்பும் கர்ப்பகாலப் போசாக்கும்: ஒரு வினா வங்கியை நீண்ட காலம் பயன்படுத்திய அனுபவம்

வெளிநாட்டுத் தாதியப் பரீட்சைக்கென ஆக்கப்பட்ட ஆங்கில வினா வங்கியொன்றை, வன்னியில் ஒரு வைத்தியசாலையில் கடமையாற்றிக்கொண்டே ஒரு வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். இதே அச்சில் வார்த்த பல வங்கிகள் சந்தையில் இருப்பதாலும், நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதாலும் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் அதிகம் செய்த இரண்டு பகுதிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: ஒன்று சுவாச நோயாளர் பராமரிப்பு, மற்றது கர்ப்பிணிகளின் போசாக்கு. முதலாவது பகுதி கட்டிய பணத்துக்கு மேலாகவே பயன் தந்தது. இரண்டாவதை நமது ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏற்ப மாற்றி எழுதாமல் கையில் எடுக்க முடியாது என்பதே என் முடிவு.

அமெரிக்காவின் தாதியர் உரிமப் பரீட்சையான என்கிளெக்ஸ் 2023 ஏப்ரலில் புதிய வடிவத்துக்கு மாறியது. ஆகக் குறைந்தது 85 வினாக்கள், ஆகக் கூடியது 150, நேரம் ஐந்து மணித்தியாலம். ஒரே நோயாளியின் விபரத்தைத் தந்து அதிலிருந்து தொடர்ச்சியாக ஆறு வினாக்கள் கேட்கும் முறை அப்போது சேர்க்கப்பட்டது. வங்கியும் அதையே பின்பற்றுகிறது. பொருந்துவன அனைத்தையும் தெரிவு செய்யச் சொல்லும் வினாக்களைப் பலரும் வெறுக்கிறார்கள்; எனக்கோ அவைதான் அதிகம் பிடித்தன, ஏனெனில் அங்கே ஊகித்துத் தப்ப வழியில்லை.

சுவாசப் பகுதியின் உண்மையான பெறுமதி, பிழையான தெரிவுகள் ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று தரப்படும் விளக்கத்தில் இருக்கிறது. மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 முதல் 6 லீற்றர் வரை ஒட்சிசன் கொடுக்கலாம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் சாதாரண முகமூடியில் 5 லீற்றருக்குக் குறைத்தால் நோயாளி வெளிவிட்ட காபனீரொட்சைட்டு முகமூடிக்குள்ளேயே தங்கி மீண்டும் உள்ளே போகும் என்ற காரணத்தை, பிழையான தெரிவொன்றின் கீழ்தான் தெளிவாக வாசித்தேன். பயிற்சிக் காலத்தில் எண்ணைச் சொல்லித் தந்தார்கள். காரணத்தைச் சொல்லித் தர எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தொய்வு (ஆஸ்துமா) நோயாளியைப் பற்றிய வினா. அவருடைய சுவாச வீதம் நிமிடத்துக்கு 32, குருதியின் பிஎச் 7.36, காபனீரொட்சைட்டு அழுத்தம் 42 மி.மீ. இரசம். குருதி வாயு எண்கள் இரண்டும் இயல்பான எல்லைக்குள் இருப்பதால், நிலைமை சீராகிறது என்ற தெரிவு கண்ணில் குத்துவதுபோல் நிற்கும். ஆனால் இவ்வளவு வேகமாக மூச்சு வாங்குபவருக்கு அந்த அழுத்தம் 35க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அது 42இல் நிற்கிறதென்றால் சுவாசத் தசைகள் களைத்துவிட்டன, அடுத்தது சுவாசச் செயலிழப்பு. காலபோக அறுவடை தொடங்கி வயலெங்கும் தூசி கிளம்பும் நாட்களில் முட்டு வருத்தத்தோடு வருபவர்களால் எங்கள் விடுதி நிறைந்துவிடும். அந்த வேளையில், குருதி வாயுப் பரிசோதனையின் முடிவு கைக்கு வருமுன்னரே, இழுப்புச் சத்தம் திடீரென அடங்கியவரையும் ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் கண் சொருகுபவரையும் முதலில் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு மனதில் பதிந்திருப்பதற்கு, இத்தகைய வினாக்களைத் திரும்பத் திரும்பச் செய்தது முக்கிய காரணம்.

நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்றையோ நீரையோ ஒரு போத்தலுக்குள் வடிக்கும் நெஞ்சறைக் குழாய் பற்றிய வினாக்களும் அப்படியே. போத்தல் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மூச்சோடு நீர்மட்டம் ஏறி இறங்குவது இயல்பு. நீர் அடைப்பில் இடைவிடாது குமிழி வந்தால் எங்கோ காற்றுக் கசிவு. காற்றுக் கசியும் நோயாளியைக் கொண்டு செல்லும்போது குழாயைக் கவ்வி மூடக்கூடாது. பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவதற்காக நோயாளியை அம்புலன்ஸில் ஏற்றும்போது, தூக்குபவர் வசதிக்காகப் போத்தலை எடுத்து நோயாளியின் கால்களுக்கிடையே படுக்கையில் வைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் தள்ளுவண்டி நகருமுன் என் கண் முதலில் போகும் இடம் அந்தப் போத்தல்தான்.

இப்பகுதியிலும் குறைகள் உண்டு. நாட்பட்ட சுவாசத்தடை நோயாளி வங்கியில் அநேகமாக எப்போதும் புகைபிடிப்பவராகவே வருகிறார். வாழ்நாளெல்லாம் விறகடுப்புப் புகையில் நின்று அதே நோயோடு வரும் அம்மம்மா ஒருவரை அங்கே காணவே முடியாது. அந்நோயாளிக்கு ஒட்சிசன் கூடினால் மூச்செடுக்கும் உந்துதலே நின்றுவிடும் என்ற பழைய விளக்கத்தைச் சில வினாக்கள் இன்னமும் தூக்கிப் பிடிக்கின்றன. நுரையீரலின் காற்றோட்டத்துக்கும் குருதியோட்டத்துக்கும் இடையிலான பொருத்தம் குலைவதே காபனீரொட்சைட்டு உயர்வதற்கு முதன்மைக் காரணம் என இன்று கருதப்படுகிறது. ஆனாலும் குருதியின் ஒட்சிசன் செறிவை 88 முதல் 92 வீதத்துக்குள் வைத்திருக்கச் சொல்லும் விடை சரியானதே. 2010இல் வெளியான தஸ்மேனிய ஆய்வொன்றில், அம்புலன்ஸிலேயே இப்படி அளவோடு ஒட்சிசன் பெற்றவர்களிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. இன்னொன்று, தசை தளர்ந்து மூச்சு நிற்கும் நிலைக்கு அவர்கள் உதாரணம் காட்டுவது அரிதான நரம்பு நோய்களை. நமக்கு அது பெரும்பாலும் தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டிய இரவு. கண் இமை தொங்குகிறதா, ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்று பார்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் அந்த வினாக்களை நான் கழித்துவிடவில்லை.

போசாக்குப் பகுதிக்கு வந்தால் நிலைமை வேறு. போலிக் அமிலம் தரும் உணவைக் கேட்டால் தோடம்பழச் சாறும் சத்துச் சேர்த்த காலைத் தானியமும் தெரிவுகளாக நிற்கின்றன. கௌபியும் பயறும் இல்லை. தவிர்க்க வேண்டியவை மென்மையான பாற்கட்டியும் குளிரூட்டிய இறைச்சித் துண்டுகளும். அவற்றில் இருக்கக்கூடிய லிஸ்டீரியாக் கிருமி பற்றிய அறிவு தேவைதான், ஆனால் ஒட்டுசுட்டானில் எந்தக் கர்ப்பிணி அவற்றைக் காண்கிறார்? விடியற்கால ஓங்காளத்துக்குப் படுக்கையை விட்டு எழுமுன் உலர்ந்த பிஸ்கட் சாப்பிடச் சொல்வது மட்டும் கிறீம் கிறக்கர் வடிவில் இங்கேயும் அப்படியே செல்லுபடியாகிறது.

சுறா மீன் விடயத்தில் வங்கியும் நமது வழக்கமும் நேருக்கு நேர் மோதுகின்றன. பாதரசம் கூடிய பெரிய மீன் என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. வங்கியின் விடையும் அதுவே. முல்லைத்தீவுக் கரையிலோ பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா வறை கொடுக்காத மாமியார் இல்லை. பரீட்சையில் பரீட்சையின் விடையை எழுதுகிறேன். கிளினிக்கில், மீனை நிறுத்தச் சொல்லாமல், நெத்தலி, சூடை, சாளை போன்ற சின்ன மீன்களுக்கு மாறச் சொல்கிறேன். அவற்றில் பாதரசம் குறைவு. முள்ளோடு மென்று சாப்பிட்டால் கல்சியமும் சேரும். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் அக்கா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “தங்கச்சி, நீங்கள் தாய்க்குச் சொல்லுறதை மாமிக்கும் சேர்த்துச் சொல்லுங்கோ, சட்டி அவவின்ர கையிலதான்” என்றார். எந்த விடை விளக்கத்திலும் இல்லாத அறிவு அது.

நிறை அதிகரிப்பு வினாக்கள் 2009ஆம் ஆண்டின் அமெரிக்கப் பரிந்துரையை ஒட்டியவை: உடற்திணிவுச் சுட்டி 18.5க்குக் கீழ் என்றால் 12.5 முதல் 18 கிலோ, 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16 கிலோ. இவை மனப்பாடம் செய்யத் தகுந்தவை. ஆனால் ஆசியர்களுக்கு 23இலிருந்தே ஆபத்தைக் கவனிக்க வேண்டும் என்ற உலக சுகாதார அமைப்பு நிபுணர்களின் 2004ஆம் ஆண்டுக் கருத்தை வங்கி எங்கும் தொடவில்லை. நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோசாச் சத்துமாவும் இல்லை, அதை நான் எதிர்பார்க்கவுமில்லை.

நடைமுறைச் சிரமங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தாவை டொலரில், அட்டை மூலம் மட்டுமே கட்டலாம். படங்கள் நிறைந்த வினாக்கள் டேட்டாவை விழுங்கும். மாரியில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்து போகும்போது செயலி வெறும் வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். முக்கியமான விளக்கங்களைக் கொப்பியில் எழுதி வைப்பதே இதற்கு நான் கண்ட வழி, எழுதும்போது மறப்பதும் குறைந்தது.

அடுத்த முறை சந்தாவைப் புதுப்பித்தால் அது சுவாசப் பகுதிக்காகவே இருக்கும். போசாக்குக்கு, வங்கியின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நாங்களே வினாக்களை எழுதத் தொடங்கிவிட்டோம். அவற்றில் ஒன்று: 20 வாரக் கர்ப்பிணி, ஹீமோகுளோபின் 9.6. இவர் சொல்வதில் எதற்கு மேலும் அறிவூட்டல் தேவை? ஒன்று, “இரும்புக் குளிசை போட்டதிலிருந்து மலம் கறுப்பாகப் போகுது, அதுக்குப் பயப்படத் தேவையில்லை.” இரண்டு, “கல்சியக் குளிசையை வேறு நேரத்தில் போடுகிறேன்.” மூன்று, “முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழிகிறேன்.” நான்கு, “சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால்தான் எனக்குச் செமிக்கும்.” விடை நான்காவது: தேயிலையிலுள்ள தனின் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, ஆகவே தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது இருக்கட்டும் என்று விளக்கத்தில் எழுதியிருக்கிறோம்.